"கழட்டியாச்சு, இதையும் பார்த்துடலாமா?": பைக் பிரிந்து கிடக்கும்போது எதைச் செய்வது, எதை விடுவது

காலையில் கிளட்ச் பிளேட் மாற்ற வண்டியை விட்டுவிட்டு வேலைக்குப் போயிருப்பீர்கள். பதினொரு மணிக்குப் போன் வரும். "அண்ணே, கவரைக் கழட்டியாச்சு. கிக்கர் சீல் லேசா கசியுது. செயினும் தேஞ்சிருக்கு. கையோட பார்த்துடலாமா?" பின்னால் கம்ப்ரஸர் ஓடுகிற சத்தம். கண்ணால் பார்க்காத ஒன்றுக்கு அரை நிமிடத்தில் பதில் சொல்லியாக வேண்டும்.

சிலர் எல்லாவற்றுக்கும் சரி சொல்லிவிட்டுச் சாயங்காலம் பில்லைப் பார்த்து முகம் சுளிப்பார்கள். சிலர் எதைக் கேட்டாலும் வேண்டாம் என்பார்கள். நான் இரண்டாவது ரகமாக இருந்தவன். என்னுடைய 2011 மாடல் ஸ்பிளெண்டர் பிளஸ்ஸுக்குக் கிளட்ச் பிளேட் போட்டபோது இதே கிக்கர் சீல் பேச்சு வந்தது. கிக்கர் தண்டு கவரை விட்டு வெளியே வரும் இடத்தில் ஆயிலைத் தடுக்கும் ரப்பர் வளையம் அது. நூறு ரூபாய்கூட ஆகாத சமாச்சாரம். "வந்த வேலையை மட்டும் பாருங்க" என்று வீரமாகச் சொன்னேன். ஏழாவது வாரம் சைலன்ஸர் மேல் எண்ணெய் சொட்டிப் புகைய ஆரம்பித்தது. மறுபடி அதே கவர், மறுபடி பேக்கிங் (கவருக்கு அடியில் கசியாமல் வைக்கும் தாள்), மறுபடி கூலி. புதிதாக ஊற்றியிருந்த ஆயில் முழுக்கத் தட்டில் வடிந்தது. ஒரு நாள் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போனதையும் சேர்த்தால் சீலின் விலையைப்போலப் பல மடங்கு செலவு.

அதற்காக எல்லாவற்றுக்கும் தலையாட்டுவதும் விடையில்லை. அந்தக் கூத்தையும் செய்து பார்த்திருக்கிறேன், பின்னால் சொல்கிறேன்.

மெக்கானிக்கின் கேள்விக்கு மூன்று பதில்கள்தான் உண்டு. வந்த வேலையை மட்டும் முடி. திறந்த இடத்தில் கைக்கு எட்டுவதை எல்லாம் பார். முழுசாகப் பிரித்துவிடு.

## எதை வைத்து முடிவு செய்வது

வழி ஒன்றுதானா? இன்னொரு பாகத்தை அடைய, ஏற்கனவே கழற்றிய போல்ட்டுகளே போதுமா, புதிதாக வேறு எதையாவது கழற்ற வேண்டுமா? மேலே போனில் வந்த இரண்டில், கிக்கர் சீல் அந்தக் கிளட்ச் கவரிலேயே இருக்கிறது. செயினுக்கும் கிளட்ச் கவருக்கும் ஒரே வண்டியில் இருப்பதைத் தவிர வேறு சம்பந்தமில்லை. அதை அடுத்த மாதம் மாற்றினாலும் கூலி அதேதான்.

கூலி பெரிதா, பாகம் பெரிதா? ஐம்பது ரூபாய் சீலுக்கு அரை நாள் வேலை என்றால் யோசிக்காமல் மாற்றலாம். பாகம் விலை உயர்ந்தது, வேலை பத்து நிமிடம் என்றால் அது தேயும்வரை ஓடட்டும்.

அடுத்த முறை இதே இடத்தைத் திறக்கும்வரை தாங்குமா? "இப்போ நல்லா இருக்கா?" என்று கேட்டால் மெக்கானிக் "இப்போதைக்கு ஓடும்ணே" என்பார். அது உண்மையாகவும் இருக்கும், உங்களுக்கு உதவவும் உதவாது. கிளட்ச் கவர் இனி நான்கு வருடம் கழித்துத் திறக்கப்படும் என்றால் சீல் நான்கு வருடம் தாங்குமா என்பதுதான் கேள்வி.

கெட்டால் எங்கே விடும்? எண்ணெய் சொட்டுவது ஒன்று. சக்கர பேரிங் நெடுஞ்சாலையில் உடைவது வேறு.

பாகம் இன்றே கிடைக்குமா? ஸ்பிளெண்டருக்குத் தாலுகா தலைநகரிலேயே கிடைத்துவிடும். 1996-இல் உற்பத்தி நின்றுபோன யமஹா ஆர்எக்ஸ் 100 என்றால், பாகத்தைக் கையில் வாங்கி வைத்துக்கொண்டுதான் ஸ்பேனரைத் தொட வேண்டும்.

இவை எல்லாம் ஒரே எடை இல்லை. நான் முதல் கேள்வியையும் நான்காவதையும்தான் பெரிதாக எடுத்துக்கொள்வேன். பிரேக், சக்கரம், ஸ்டியரிங் சம்பந்தப்பட்டது என்றால் மற்ற கணக்கையெல்லாம் ஓரம் கட்டிவிடலாம்.

## பதில் 1: வந்த வேலையை மட்டும் முடி

செலவு தெரிந்த செலவு. வண்டி சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிடும். இன்னொரு நன்மையும் உண்டு, அதை யாரும் சொல்வதில்லை. ஒரே ஒரு பாகம் மாறியிருப்பதால், நாளைக்குப் புதுச் சத்தம் கேட்டால் எங்கே தேடுவது என்று தெரியும்.

மறைந்திருக்கும் செலவு, இரண்டாவது முறை திறப்பதுதான். பேக்கிங், ஆயில் மட்டும் இல்லை. எஞ்சின் கூடு அலுமினியம். ஒவ்வொரு முறை போல்ட் ஏறி இறங்கும்போதும் மரை கொஞ்சம் தேயும். கவர் போல்ட்டுகள் எல்லாம் ஒரே நீளமும் இல்லை. அவசரத்தில் நீளமானதைக் குட்டை ஓட்டையில் போட்டு முறுக்கினால் மரை போய்விடும், இல்லையென்றால் கூடே விரியும். நல்ல மெக்கானிக் ஒரு அட்டையில் கவரின் வடிவத்தை வரைந்து, போல்ட்டுகளை அந்தந்த இடத்தில் குத்தி வைத்திருப்பார். பட்டறையில் அப்படி ஒரு அட்டையைப் பார்த்தால் வண்டியை நம்பி விடலாம். பேக்கிங் போடாமல் அனபாண்ட் பசையை மட்டும் அப்பி மூடுகிற இடம் என்றால் யோசியுங்கள்.

வண்டி வாங்கி மூன்று வருடம்தான் ஆகிறது, கம்பெனி பாகங்கள் அப்படியே இருக்கின்றன என்றால் இந்தப் பதில் சரி. விற்கப் போகிற வண்டிக்கும் சரி. நாளை காலை ஐந்து மணிக்குப் பால் வியாபாரத்துக்கு வண்டி வேண்டும் என்பவருக்கு வேறு வழியே இல்லை.

## பதில் 2: திறந்த இடத்தில் எட்டுவதைப் பார்

பெரும்பாலானவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான். ஆனால் "எட்டுவது" என்பதற்கு எல்லை போடாவிட்டால் இதுவே மூன்றாவது பதிலாக வளர்ந்துவிடும். அந்த எல்லை திறக்கிற இடத்துக்கு இடம் மாறும்.

### வலப்பக்கக் கவர்

கிளட்சுக்காகத் திறப்பது இது. ஸ்பிளெண்டர் போன்ற ஹோண்டா வழி 100 சிசி எஞ்சின்களில், இந்த ஒரே கவருக்குப் பின்னால் மூன்று விஷயம் ஒளிந்திருக்கிறது. காகித ஆயில் ஃபில்டர் இதில் இல்லை. எஞ்சினின் சுழலும் தண்டான கிராங்கின் முனையில் இருக்கும் கிண்ணம் போன்ற ஒன்று, அழுக்கை வெளிச்சுவரில் வீசி ஒட்ட வைக்கும். அதன் சின்ன மூடியைத் திறந்தால் கறுப்பு மை போலக் கெட்டியாக அப்பியிருக்கும். கூட்டின் அடியில் ஒரு வலை ஃபில்டரும் உண்டு. வருடக்கணக்கில் ஆயில் மட்டும் மாற்றிய வண்டியில் இவை இரண்டும் தொடப்படாமலே கிடக்கும். இவற்றைச் சுத்தம் செய்யப் பாகச் செலவு கிட்டத்தட்ட ஒன்றுமில்லை, நேரம் பத்துப் பதினைந்து நிமிடம். மெக்கானிக் கேட்காவிட்டாலும் நீங்கள் கேளுங்கள்.

மூன்றாவது கிக்கர் சீல். அதைப் பற்றி மேலேயே அழுதாகிவிட்டது.

பிளேட் மாற்றும்போது ஸ்பிரிங்கையும் சேர்த்து மாற்றுங்கள். சூட்டில் தளர்ந்த ஸ்பிரிங் புதுப் பிளேட்டையும் வழுக்க வைத்துத் தின்றுவிடும். பிளேட்டுகள் உட்காரும் கூடான கிளட்ச் ஹவுசிங்கின் விரல்களில் பள்ளம் விழுந்திருக்கிறதா என்று நகத்தால் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். லேசான பள்ளம் என்றால் அரத்தால் சமன் செய்துவிடலாம். ஆழமாக இருந்தால் புதுப் பிளேட் அதில் சிக்கிச் சிக்கி, முதல் கியரில் வண்டி குதிரை மாதிரி துள்ளும். ஹவுசிங் விலை கையைக் கடிக்கும்தான். ஆனால் அதற்காக இதே கவரை இன்னொரு முறை திறப்பது அதைவிடக் கடிக்கும்.

கிளட்ச் கேபிளையும் இதோடு மாற்றச் சொல்வார்கள். வேண்டாம். அதை எப்போது வேண்டுமானாலும் கவரைத் தொடாமல் மாற்றலாம். புதிது ஒன்று வாங்கி சீட்டுக்கடியில் சுருட்டி வையுங்கள், போதும்.

ஆயில் விஷயத்தில் ஒரு வார்த்தை. எரிந்த கிளட்ச் தூள் கலந்த பழைய ஆயிலை வடிகட்டித் திரும்ப ஊற்ற விடாதீர்கள், அது போன வாரம் போட்டதாக இருந்தாலும். காருக்கு வாங்கிய ஆயில் வீட்டில் மிச்சம் இருக்கிறது என்று அதையும் ஊற்ற வேண்டாம். டப்பாவில் ஜாசோ எம்ஏ (JASO MA) என்ற பைக் ஆயில் தரக்குறி இருக்க வேண்டும். பைக்கின் கிளட்ச் ஆயிலிலேயே ஊறிக் கிடப்பது. வழவழப்புக் கூட்டிய கார் ஆயில் அதை வழுக்கிவிடும்.

### பின்சக்கரம்

பஞ்சருக்கோ பிரேக் ஷூவுக்கோ இறக்குவோம். மாற்றாவிட்டாலும் கையோடு பார்க்க வேண்டியவை இங்கே நிறைய. விரலை பேரிங்கின் உள்வளையத்தில் விட்டுச் சுற்றினால் வெண்ணெய் போல ஓட வேண்டும். மணல் அரைபடுவது போலிருந்தால் இன்றே மாற்றுங்கள். ஆனால் "எடுத்துப் பார்க்கலாம்" என்று நல்ல பேரிங்கைத் தட்டி எடுக்க விடாதீர்கள். உள்வளையத்தில் அடி வாங்கி வெளியே வந்த பேரிங் திரும்பப் போட லாயக்கில்லை. பார்ப்பதே கெடுத்துவிடுகிற வேலை அது.

ஸ்பிராக்கெட்டுக்கும் ஹப்புக்கும் நடுவில் இருக்கும் ரப்பர்கள் தளர்ந்திருந்தால், ஆக்ஸிலரேட்டரைக் கூட்டிக் குறைக்கும்போது "டக்" என்று வெட்டும். விலை அற்பம், சக்கரத்தை இறக்கினால்தான் கைக்கு வரும். மாற்றிவிடலாம். பிரேக் ஷூவை விரிக்கும் கேமுக்குத் துளி கிரீஸ் வைக்கச் சொல்லுங்கள்; ஷூவின் மேல் படக் கூடாது.

செயின் மட்டும் தனியாக மாற்றுவது காசைக் கரைக்கிற வேலை. தேய்ந்து கொக்கி போல வளைந்த பற்கள் புதுச் செயினைச் சில மாதத்தில் இழுத்துவிடும். செயினும் இரண்டு ஸ்பிராக்கெட்டும் ஒரே செட்டாகத்தான் மாற வேண்டும். முன் ஸ்பிராக்கெட்டைக் கழற்றும்போது அதன் பின்னால் இருக்கும் ஷாஃப்ட் சீல் ஈரமாக இருக்கிறதா என்று ஒரு பார்வை பாருங்கள். ஸ்பிராக்கெட் வெளியே இருக்கும் அந்தப் பத்து நிமிடம்தான் அதற்கு நேரம்.

பின்சக்கரத்தைத் தாங்கும் கைதான் ஸ்விங்ஆர்ம்; அது ஆடுகிற இடத்தில் இருக்கும் புஷ்தான் இங்கே எல்லைக்கோடு. சக்கரம் இல்லாமல் ஸ்விங்ஆர்மைப் பிடித்து இடமும் வலமும் ஆட்டுங்கள். ஆட்டம் இல்லையென்றால் அந்த நட்டைத் தொட வேண்டாம். பழைய வண்டியில் நீளமான அந்த போல்ட் துருப்பிடித்து இறுகியிருந்தால், அரை மணி வேலை ஒரு நாள் மல்லுக்கட்டாக மாறும்.

### முன் ஃபோர்க்

ஒரு பக்கச் சீல் கசிந்தாலும் இரண்டு பக்கமும் மாற்ற வேண்டும், ஃபோர்க் ஆயிலை இரண்டிலும் ஒரே அளவு அளந்து ஊற்ற வேண்டும். இது கூடுதல் வேலை இல்லை, அதே வேலையின் பாதி.

ஹேண்டில்பார் திரும்புகிற பேரிங்கான கோன் செட்டை மாற்றலாமா என்பதற்குப் பிரிப்பதற்கு முன்பே விடை காணலாம். முன்சக்கரத்தைத் தூக்கி நிறுத்தி ஹேண்டில்பாரை மெல்லத் திருப்புங்கள். நேர்நடுவில் ஒரு பள்ளத்தில் விழுந்தது போல நின்றால் கோன் செட் போய்விட்டது. ஃபோர்க் வெளியே வந்தபின் அது கைக்கெட்டும் தூரம்தான், செய்துவிடுங்கள். கசிந்த எண்ணெய் பிரேக்கில் இறங்கியிருந்தால் ஷூவோ பேடோ அதுவும் போயிற்று. துடைத்துப் பயன்படுத்தலாம் என்பவர் பேச்சைக் கேட்காதீர்கள்.

நாகப்பட்டினம், தூத்துக்குடி, சென்னையின் கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கம் வண்டி நிறுத்துகிறவர்களுக்கு இன்னொரு வேலை உண்டு. உப்புக்காற்றில் ஃபோர்க் பைப்பின் குரோம் புள்ளிப் புள்ளியாகத் துருவேறும். அந்தப் புள்ளிகள் சீல் ஓடுகிற இடத்தில் இருந்தால் எத்தனை புதுச் சீல் போட்டாலும் கிழித்துவிடும். பைப்பைப் பார்த்துவிட்டுத்தான் சீல் வாங்க வேண்டும்.

### எஞ்சின் ஹெட்

ஆபத்தான ஆசைகள் எல்லாம் இங்கேதான் பிறக்கின்றன. புகைக்காக ஹெட்டைத் திறப்போம். ஹெட் என்பது எஞ்சினின் மேல்மூடி; அதன் கீழே பிஸ்டன் ஓடுகிற சிலிண்டர்தான் பிளாக். "இன்னும் கொஞ்சம் கழட்டினா பிளாக்கும் வந்துடும், ரிங் மாத்திடலாம்" என்பார்கள்.

திறப்பதற்கு முன்பே புகையைப் படியுங்கள். காலையில் ஸ்டார்ட் செய்ததும் கொஞ்ச நேரம் புகைந்து நின்றுவிட்டால் பெரும்பாலும் வால்வு சீல். ஆக்ஸிலரேட்டரை முறுக்க முறுக்கப் புகைந்தால் பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங்கும் சிலிண்டரும். முதல் வகைக்குப் பிளாக்கைத் தொட வேண்டியதில்லை. இரண்டாவது வகைக்கு ரிங் மட்டும் மாற்றுவது அரைகுறை. தேய்ந்து வட்டம் மாறிய சிலிண்டரில் புது ரிங் ஒட்டி உட்காராது. அளந்து பார்த்து, தேவைப்பட்டால் போர் அடிக்க வேண்டும், அதாவது சிலிண்டரின் உள்சுவரைச் சற்றுப் பெரிதாகக் கடைய வேண்டும். ஸ்பிளெண்டரின் 50 மிமீ சிலிண்டரை 50.25 ஆக்கி, அதே அளவு பிஸ்டன் போடுவது முதல் படி.

பிளாக் வெளியே வந்துவிட்டால் பிஸ்டனையும் கிராங்கையும் இணைக்கும் கனெக்டிங் ராடைப் பிடித்து மேலும் கீழும் இழுத்துப் பாருங்கள். பக்கவாட்டில் லேசாக நகர்வது இயல்பு. மேல்கீழ் ஆட்டம் துளி இருந்தாலும் கீழ்ப்பாதியும் போய்விட்டது என்று அர்த்தம். அந்த நிலையில் மேலே மட்டும் புதுசு போட்டு மூடினால், அழுத்தம் கூடிய எஞ்சின் சில மாதத்தில் கீழேயிருந்து தட்ட ஆரம்பிக்கும். ஹாஃப் எஞ்சின் காசும் போய், ஃபுல் எஞ்சின் காசும் சேரும்.

| எதற்காகத் திறந்தது | கையோடு செய்க | பார்த்துவிட்டு முடிவு | விட்டுவிடுக |
|---|---|---|---|
| கிளட்ச் (வலப்பக்கக் கவர்) | கிக்கர் சீல், ஸ்பிரிங், இரண்டு ஆயில் ஃபில்டர்களும் சுத்தம் | கிளட்ச் ஹவுசிங் | கேபிள், செயின் |
| பின்சக்கரம் | ஹப் ரப்பர், பிரேக் கேம் கிரீஸ் | பேரிங், ஷூ, செயின் செட் | ஆடாத ஸ்விங்ஆர்ம் |
| முன் ஃபோர்க் | இரு பக்கச் சீல், ஆயில் | கோன் செட், பைப், பிரேக் | ஹெட்லைட் வயரிங் |
| ஹெட் | வால்வு சீல், புதுப் பேக்கிங் | டைமிங் செயின், டென்ஷனர் | நல்ல பிளாக் |

இந்தப் பதிலுக்கும் மறைமுகச் செலவு உண்டு. கம்பெனியில் போட்டு வந்த நல்ல பாகம் போய், அந்த இடத்தில் டூப்ளிகேட் வந்து உட்காருவதுதான் அது. பத்து வருடம் ஓடி இன்னும் உறுதியாக இருக்கிற அசல் பேரிங்கை எடுத்துவிட்டு, பெயர் தெரியாத அட்டைப்பெட்டியில் வந்ததைப் போடுவது முன்னேற்றம் இல்லை. கழற்றிய பாகங்களையும் புதுசு வந்த அட்டைப்பெட்டிகளையும் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். நேர்மையான மெக்கானிக் கோபித்துக்கொள்ள மாட்டார். தானே ஒரு பையில் கட்டி வைத்திருப்பார்.

## பதில் 3: முழுசாகப் பிரித்துவிடு

நான் செய்த கூத்து இதுதான். கிக்கர் சீலில் சூடுபட்ட மறுவருடம் பின் பிரேக் ஷூவுக்கு வண்டியை விட்டேன். "எல்லாத்தையும் நல்லா பாத்துடுங்க" என்றேன். ஒரு மெக்கானிக்கிடம் சொல்லக்கூடிய விலை உயர்ந்த வாக்கியம் அது. சாயங்காலம் போனால் சக்கரம் ஒரு மூலை, ஸ்விங்ஆர்ம் ஒரு மூலை. புஷ் தேடிப் போன முதல் கடையில் இல்லை, அடுத்த கடையில் இருந்தது வேறு மாடலுக்கானது. ஒன்பது நாள் வண்டி ஸ்டாண்டில் நின்றது. திரும்பி வந்தபோது முன்பு இல்லாத ஒரு கிறீச் சத்தம். எதை எதையோ கழற்றி மாட்டியிருந்ததால் எங்கிருந்து என்று இருவருக்குமே தெரியவில்லை. கடைசியில் பார்த்தால் செயின் கவரின் ஒரு போல்ட்.

எஞ்சினையும் சேர்த்துப் பிரித்தால் இன்னொரு செலவு நாட்காட்டியில் ஏறும். முதல் 500 கிலோமீட்டராவது முறுக்காமல், பாரம் ஏற்றாமல் ஓட்டி ஆயில் மாற்ற வேண்டும். குடும்பமே ஏறுகிற வண்டிக்கு அது ஒரு மாத விரதம்.

அப்படியானால் இதை எப்போதுமே செய்யக்கூடாதா? வெள்ளத்தில் மூழ்கிய வண்டிக்கு இதுதான் சரியான பதில். சென்னையில் 2015 டிசம்பரிலும் 2023 மிக்ஜாம் புயலிலும், அதே 2023 டிசம்பரில் தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கமும் வண்டிகள் தண்ணீரில் கிடந்தன. தண்ணீர் வடிந்ததும் கிக்கரை உதைத்துப் பார்க்காமல் தள்ளிக்கொண்டு போக வேண்டும். ஆயில் பால் கலந்த டீ நிறத்தில் இறங்கினால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. சக்கர பேரிங், கோன் செட், பிரேக், வயரிங் கப்ளர்கள் எல்லாவற்றிலும் சேறு புகுந்திருக்கும். அங்கே "வந்த வேலையை மட்டும்" என்று கஞ்சத்தனம் செய்தால் ஆறு மாதத்துக்கு வாரம் ஒரு பாகம் கழன்று வரும்.

முன்கதை தெரியாமல் வாங்கிய பழைய வண்டியில், ஆசைக்காக வைத்திருக்கும் ஆர்எக்ஸ் 100-இல், கனெக்டிங் ராடு ஆடுகிற எஞ்சினிலும் இதே பதில்தான். ஆர்எக்ஸ் என்றால் முதலில் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டிலும் புதுப்பேட்டையிலும் அலைந்து பாகங்களைச் சேர்த்துவிட்டுப் பிறகு பிரியுங்கள்.

15 வருடம் முடிந்து ஆர்.சி. (பதிவுச் சான்றிதழ்) புதுப்பிக்கப் போகிறவர்கள் பென்சிலும் காகிதமும் எடுங்கள். புதுப்பித்தால் இன்னும் ஐந்து வருடம் ஓட்டலாம். அந்த ஐந்து வருடத்துக்கு இந்தச் செலவு தகுமா, வண்டியை இன்று விற்றால் வருகிற தொகையைவிட பில் பெரிதா என்று பாருங்கள். பாசம் இருந்தால் கணக்கை மீறலாம். மீறுகிறோம் என்று தெரிந்து மீறுங்கள்.

## போன் வரும்போது

மெக்கானிக்கிடம் கேட்க வேண்டியது: "அதுக்கு வேற எதையாவது கழட்டணுமா? பாகம் இப்போ கடையில இருக்கா? கூலி தனியா எவ்வளவு ஏறும்?" முதல் கேள்விக்கு "இல்லண்ணே" என்றும், இரண்டாவதுக்கு "இருக்கு" என்றும் வந்தால் பாதி முடிவு ஆகிவிட்டது. வாட்ஸப்பில் ஒரு போட்டோ அனுப்பச் சொல்லுங்கள். வண்டியை விடும்போதே "இந்தத் தொகை வரைக்கும் கேட்காமப் பண்ணுங்க, அதுக்கு மேலன்னா போன் பண்ணுங்க" என்று சொல்லிவிட்டால் அவருக்கும் நிம்மதி. நம் பதிலுக்காகப் பிரித்த வண்டியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது அவருக்கும் நஷ்டம்தான்.

போன மாதம் என் ஸ்பிளெண்டரின் பின்சக்கரம் இறங்கியது. ஹப் ரப்பர் மாறியது. பேரிங் நன்றாக ஓடியது, விட்டுவிட்டோம். ஸ்விங்ஆர்மில் மயிரிழை ஆட்டம். டயர் இன்னும் ஏழெட்டு மாதம் வரும், அப்போது சக்கரம் எப்படியும் இறங்கத்தான் போகிறது. சைடு கவரின் உள்பக்கம் மார்க்கரால் எழுதி வைத்திருக்கிறேன்: "புஷ் – அடுத்த டயரோடு. பாகம் முதலில் வாங்கு."